ஒளி இலத்திரனைப் பறித்த வரலாறு

சப்பிரகமுவ மாகாணம் இரண்டு மாவட்டங்களைக் கொண்டது. இரத்தினபுரியிலே மனிதர் குழி வெட்டி, ‘இல்லம்’ என்று சிங்களத்திலே பெயர் பெற்ற சரளை மண்ணை வாரியெடுத்து, கூடையிலிட்டு நீரில் அரித்து மாணிக்கக் கல் தேடுகிறார்கள். கேகாலை மாவட்டத்திலே, புளத்கொகுபிட்டியவைச் சூழ்ந்த மலைச் சரிவுகளிலே, எம்மவர் கொழுந்து பறிக்கிறார்கள். ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறார்கள். கல்லும் கொழுந்தும் பாலும் கடல் கடந்து போகின்றன. அவற்றை எடுத்த கைகள் மட்டும் இங்கேயே இருக்கின்றன.

இரத்தினபுரிக் குழிகளில் அகப்படும் கற்களிலே கெம்பும் ஒன்று. செல்வர் விரலில் மோதிரமாய் மின்னுவதே அச்சிவப்புக் கல்லின் பிறவிப்பயன் என்று உலகம் நெடுங்காலம் எண்ணியிருந்தது. 1960-ஆம் ஆண்டு மே மாதம் 16-ஆம் நாள் அவ்வெண்ணம் மாறிற்று. அன்று அமெரிக்காவின் கலிபோர்னியாவிலே தியோடர் மெய்மன் என்னும் பௌதிகவியலாளர், சிறு கெம்புக் கோலொன்றைச் சுற்றி மின்வெட்டு விளக்கை அமைத்து, உலகின் முதலாவது லேசர் ஒளியைப் பெற்றார். அந்தக் கெம்பு மண்ணிலிருந்து அரித்தெடுத்ததன்று. மனிதர் உருக்கி வளர்த்தது. அலுமினியம் ஒட்சைட்டிலே சிறிது குரோமியம் கலந்தால் கெம்பு. குழியிற் கிடைத்த கல்லும் அதுவே. ஆக்கிய கல்லும் அதுவே.

அந்தச் சிவந்த ஒளி ஐந்தே ஆண்டுகளில் மூலக்கூறிலிருந்து இலத்திரனைப் பறிக்கும் கருவியாயிற்று. அந்த வரலாற்றையே இங்கு நாம் சொல்லப் புகுகிறோம். தோட்டப் பாடசாலைக்கும் இதற்கும் என்ன உறவு என்று கேட்போர் இருக்கலாம். நியாயமான கேள்விதான். அதற்கு முடிவில் வருவோம்.

குட்டைக் கயிறும் ஆழக் கிணறும்

ஒளி தொடர்ச்சியான வெள்ளமாக மட்டும் வருவதில்லை, சொட்டுச் சொட்டாகவும் வருகிறது என்று 1905-இலே ஐன்ஸ்டீன் எழுதினார். ஒவ்வொரு சொட்டின் சக்தியும் ஒளியின் நிறத்தைப் பொறுத்தது. ஊதா ஒளியின் சொட்டுப் பெரியது. சிவப்பு ஒளியின் சொட்டுச் சிறியது. ஓர் இலத்திரனை விடுவிக்கத் தேவையான சக்தி ஒரு சொட்டில் இருந்தால் அது வெளியேறும்; இல்லையேல் வெளியேறாது. மங்கிய ஊதா ஒளி செய்யும் காரியத்தைப் பிரகாசமான சிவப்பு ஒளி செய்யமாட்டாது.

இதைக் கிணற்றைக் கொண்டு விளங்கிக்கொள்ளலாம். கிணறு ஆழமானது, கயிறு குட்டையானது. குட்டைக் கயிறுகள் நூறைத் தனித்தனியே இறக்கினாலும் வாளி நீரைத் தொடாது. ஆனால் அந்தக் கயிறுகளை முடிந்து ஒன்றாக்கினால்? இந்தக் கேள்வி ஐன்ஸ்டீனுக்கும் தோன்றாமலில்லை. அதே கட்டுரையில், ஒளிர்வு பற்றிப் பேசும் இடத்திலே, சொட்டுகள் மிக நெருங்கித் திரண்டால் பல சொட்டுகள் சேர்ந்து ஒரு காரியத்தைச் செய்தலும் கூடும் என்று அவர் குறித்துவைத்தார். விதியைச் சொன்னவரே விதியின் எல்லையையும் சொன்னார்.

அவ்வெல்லையைக் கணக்கிட்டுக் காட்டியவர் ஒரு பெண். ஜெர்மனியின் கொட்டிங்கன் நகரிலே, 1930-இல், மேரியா கோப்பர்ட் மேயர் தமது கலாநிதிப் பட்டத்துக்கான ஆய்வில், ஓர் அணு இரண்டு சொட்டுகளை ஒருங்கே விழுங்கலாம் என்று நிறுவினார். ஆய்வு 1931-இல் அச்சேறியது. ஆயினும் அதைச் சோதித்துப் பார்க்கத்தக்க பேரொளி அன்று உலகில் இல்லை. லேசர் பிறந்த பின்னர், 1961-இலே, அவர் கூற்று பரிசோதனையில் மெய்யாயிற்று. இடைப்பட்ட காலத்தில் அமெரிக்கா சென்ற அவர், அங்குள்ள பல்கலைக்கழகங்களிலே பல ஆண்டுகள் சம்பளமின்றி உழைத்தார். 1963-இல் அணுக்கருவின் அமைப்புப் பற்றிய ஆய்வுக்காக நோபல் பரிசும் பெற்றார். பெண்ணின் உழைப்பைக் கணக்கில் எழுதாமல் விடும் வழக்கம் தோட்டத்துச் செக்றோலுக்கு மட்டும் உரியதன்று என்பதை நம் மாணவிகள் அறிந்துகொள்ளட்டும்.

மொஸ்கோவில் நடந்தது

கயிறுகளை முடிந்து காட்டிய இடம் மொஸ்கோவின் லெபெடெவ் பௌதிகவியல் நிறுவனம். லேசருக்கு அடிகோலியமைக்காக 1964-இல் நோபல் பரிசு பெற்ற பாசோவும் புரோகொரோவும் அந்நிறுவனத்தவரே. அங்கு 1965-இலே வொரோனோவும் நிக்கோலாய் டெலோனேயும் கெம்பு லேசரின் ஒளியைக் குவித்து செனன் வாயுவின் அணுக்களை அயனாக்கினர். அதே ஆண்டில் தம் தோழர்களுடன் சேர்ந்து ஐதரசன் மூலக்கூறையும் அயனாக்கினர். ஆகவே பிரபஞ்சத்தின் மிக எளிய மூலக்கூறு இந்த வரலாற்றின் முதல் ஆண்டிலேயே அரங்கேறிவிட்டது.

கணக்கைப் பாருங்கள். கெம்பு ஒளியின் ஒரு சொட்டில் ஏறத்தாழ 1.79 இலத்திரன் வோல்ற்று சக்தி உண்டு. செனனிலிருந்து ஓர் இலத்திரனைப் பறிக்க 12.13 வேண்டும், ஆகவே குறைந்தது 7 சொட்டுகள். ஐதரசன் மூலக்கூறுக்கு 15.4 வேண்டும், ஆகவே 9 சொட்டுகள். இவை அனைத்தும் ஒரே கணத்தில் வந்து சேரவேண்டும். ஒன்று வந்து போனபின் மற்றது வந்து பயனில்லை. 7 சொட்டுகள் கூடவேண்டிய நிகழ்ச்சியில், ஒளியின் செறிவை இரண்டு மடங்காக்கினால் விளைவு 128 மடங்காகப் பெருகும். செனனில் அவர்கள் அளந்த பெருக்கம் இதற்குச் சற்றுக் குறைந்திருந்தது. அணுவின் உள்ளே இருக்கும் இடைப்படிகளும் உதவுகின்றன என்பதை அந்தச் சிறு குறைவே உணர்த்திற்று.

இதற்கு ஓராண்டு முன்னர், 1964-இலே, அதே நிறுவனத்தின் லியோனிட் கெல்டிஷ் ஒரு கட்டுரை வெளியிட்டிருந்தார். இலத்திரன் வெளியேற இரண்டு வழிகள் உண்டு என்று அவர் காட்டினார். சொட்டுகளைப் படிகளாகக் கொண்டு ஏறிச் சுவரைத் தாண்டுவது ஒரு வழி. மற்ற வழி வேறு விதமானது. ஒளி என்பது அசையும் மின்புலம். அப்புலம் வலுத்தால், இலத்திரனைச் சிறைவைத்திருக்கும் சுவரே ஒரு பக்கம் சாய்ந்து மெலிந்துவிடும். இலத்திரன் மெலிந்த சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியேறும். புலம் விரைந்து அசைந்து, வலுவும் குறைந்திருந்தால் முதல் வழி. மெல்ல அசைந்து, வலுவும் மிகுந்திருந்தால் இரண்டாம் வழி. இவை இரு வேறு விதிகளல்ல, ஒரே நிகழ்ச்சியின் இரு எல்லைகள் என்பதே கெல்டிஷ் கண்ட உண்மை. அளவு மாறும்போது குணமும் மாறுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

கொழுந்தின் எடையும் கோடி கோடி வெயிலும்

இவ்வளவு வலிய ஒளியை எவ்வாறு ஆக்குவது? பலரும் நினைப்பதுபோல் இதற்கு மலையளவு சக்தி வேண்டியதில்லை. 1 கிராம் கொழுந்தைக் கூடைக்குள் போட 10 சென்ரிமீற்றர் உயர்த்துகிறோம் என்று கொள்ளுங்கள். அதற்குச் செலவாகும் சக்தி ஏறத்தாழ 1 மில்லி யூல். இந்த அற்ப சக்தியை 100 பெம்டோ செக்கன் நேரத்துள் அடக்கி, ஒரு மில்லிமீற்றரின் பத்திலொரு பங்கு அகலமுள்ள புள்ளியிலே குவித்தால், அங்கு விழும் ஒளி நண்பகல் வெயிலைப்போல் பத்துக் கோடி கோடி மடங்கு செறிவுடையது. பெம்டோ செக்கன் என்பது எவ்வளவு? 1 செக்கனை மூன்று கோடி ஆண்டுகளுக்கு மேலாக நீட்டினால், 1 பெம்டோ செக்கன் 1 செக்கனாகும்.

அந்தப் புள்ளியிலே மின்புலம் சென்ரிமீற்றருக்கு ஏறக்குறைய 27 கோடி வோல்ற்று. சித்திரை மாதத்து மாலையில் நம் மலைகளில் இடி முழங்குவதை நாம் அறிவோம். சாதாரண காற்றில் தீப்பொறி பாய 30,000 வோல்ற்றே போதும். ஐதரசன் அணுவின் உள்ளே இலத்திரனைக் கட்டிவைத்திருக்கும் புலமோ 500 கோடிக்கு மேற்பட்டது. லேசரின் புலம் அதில் இருபதில் ஒரு பங்களவே. எனினும் சுவரைச் சாய்க்க அது போதுமானதாகிறது.

இத்தகைய ஒளித்துடிப்பைப் பெருக்குவதில் ஒரு தடை இருந்தது. துடிப்பு வலுத்ததும் அது பெருக்கியையே சிதைத்துவிடும். அமெரிக்காவின் ரொச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில், 1985-இலே, மாணவி டொனா ஸ்ட்ரிக்லண்டும் அவருடைய ஆசிரியர் ஜெரார் மூருவும் தடையை நீக்கினர். துடிப்பை முதலில் நீட்டி மெலியச் செய்து, பின் பெருக்கி, இறுதியில் மீண்டும் சுருக்கினார்கள். முறை எளியது, விளைவு பெரியது. 2018-இல் இருவருக்கும் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

பிரான்சின் சக்ளே ஆய்வுகூடமும் இவ்வரலாற்றில் மறக்கவொண்ணாதது. அங்கு 1979-இலே பியர் அகோஸ்தினியும் தோழர்களும், வெளியேறும் இலத்திரன் தேவைக்கு மேலும் சொட்டுகளை விழுங்குகிறது என்று கண்டனர். 1983-இலே ஆன் லுயிலியேயும் உடனுழைத்தோரும் இரண்டு இலத்திரன்களை இழந்த செனன் அயன்கள் எதிர்பார்த்ததைவிட மிகுதியாக இருப்பதைக் கண்டனர். இதற்கு ஒரு விளக்கத்தை 1993-இலே கனடாவின் போல் கோர்க்கம் தந்தார். ஒளியின் மின்புலம் இலத்திரனை வெளியே இழுக்கிறது. புலம் திசை மாறியதும் அதே இலத்திரன் திரும்பி வந்து தன் தாய் அயனை மோதுகிறது. மோதலில் இன்னோர் இலத்திரன் தெறிக்கிறது. அகோஸ்தினிக்கும் லுயிலியேவுக்கும் 2023-இல் ஃபெரென்ஸ் கிரௌஸ் என்பாருடன் நோபல் பரிசு கிடைத்தது.

மூலக்கூறு பெரிய அணு அன்று

தொடக்கத்தில் ஆய்வாளர் பலர் மூலக்கூறை ஒரு பெரிய அணுவாகவே கருதினர். பறிக்கத் தேவையான சக்தி எவ்வளவு என்று தெரிந்தால் போதும், அதன் உள்ளமைப்பு எதற்கு என்பது அவர்கள் நினைப்பு. மூலக்கூறு அதற்கு இணங்கவில்லை.

ஒட்சிசன் மூலக்கூறுக்கும் செனன் அணுவுக்கும் தேவையான சக்தி ஏறக்குறைய ஒன்றே. ஆகவே இரண்டும் ஒரே அளவில் அயனாக வேண்டுமல்லவா? கனடாவின் லாவால் பல்கலைக்கழகத்தில் 1996-இலே சின் என்பாரின் குழு அளந்தபோது, ஒட்சிசன் வெகுவாகப் பின்தங்கி நின்றது. ஆனால் நைதரசன் மூலக்கூறோ தனக்கு நிகரான ஆகன் அணுவைப் போலவே நடந்துகொண்டது. காரணம் என்ன? ஒட்சிசனின் வெளிப்புற இலத்திரனின் அலைக்கு இரண்டு கருக்களின் அருகிலும் எதிரெதிரான குறி உண்டு. இரண்டு இடங்களிலிருந்தும் புறப்படும் அலைகள் ஒன்றையொன்று அழிக்கின்றன. நைதரசனிலே அவை ஒன்றுக்கொன்று துணை நிற்கின்றன. இவ்விளக்கம் 2000-ஆம் ஆண்டில் வெளிவந்தது.

திசையும் முக்கியம். 2003-இலே ஒட்டாவாவில் நைதரசன் மூலக்கூறுகளை முன்கூட்டியே ஒரு திசையில் நிரைப்படுத்தி அளந்தார்கள். மூலக்கூறு மின்புலத்தின் வழியே கிடந்தால், குறுக்கே கிடக்கும்போதைவிட நான்கு மடங்களவு எளிதில் இலத்திரனை இழந்தது.

இனி, பல இலத்திரன்களைப் பறித்தால் என்ன ஆகும்? இலத்திரன்களே கருக்களைப் பிணைத்து வைத்திருப்பவை. அவை போய்விட்டால் நேர் மின்னேற்றமுள்ள கருக்கள் ஒன்றையொன்று தள்ளி, மூலக்கூறு வெடித்துச் சிதறும். இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழகத்தில் 1987-இலே ஃப்ராசின்ஸ்கி, கோட்லிங், ஹாதர்லி முதலியோர் நைதரசனில் இதை ஆராய்ந்தனர். இத்தகைய சிதறல்களில் துண்டுகளின் வேகத்தை அளந்தால், சிதறும் கணத்தில் கருக்கள் எவ்வளவு விலகியிருந்தன என்று கணிக்கலாம். அவ்வாறு கணித்தபோது ஓர் உண்மை புலப்பட்டது. மூலக்கூறு தன் இயல்பான நீளத்தில் சிதறுவதில்லை. முதலில் ஓர் இலத்திரனை இழந்து நீள்கிறது. குறிப்பிட்ட நீளத்தை அடைந்ததும் அடுத்த இலத்திரன் வெகு எளிதாகப் போய்விடுகிறது. அந்த நீளத்திலே இலத்திரன் ஒரு கருவின் அருகே தேங்கி நின்று, இரு கருக்களுக்கும் இடையிலுள்ள மெலிந்த சுவரைத் துளைத்து ஓடுகிறது என்ற விளக்கம் 1995-இலே கனடாவிலிருந்து வந்தது.

மும்பாயின் பங்கு

இந்த வரலாறு முழுவதும் மேற்கிலும் வடக்கிலும் நிகழ்ந்ததன்று. 1945-இலே ஹோமி பாபா நிறுவிய டாட்டா அடிப்படை ஆய்வு நிறுவனம் மும்பாயில் இருக்கிறது. அங்கே தீபக் மாத்தூரின் குழு வலிய ஒளியில் மூலக்கூறுகள் படும் பாட்டைப் பல்லாண்டுகள் ஆராய்ந்தது.

1990-களில் ஒரு விவாதம் நிலவியது. துண்டுகள் ஒளிப்புலத்தின் திசையிலேயே அதிகமாகப் பறப்பது ஏன்? மூலக்கூறு அத்திசைக்குத் திரும்புகிறதா? அன்றி, ஏற்கெனவே அத்திசையிற் கிடந்தவை மட்டும் அதிகமாகச் சிதறுகின்றனவா? கந்தகம், காபன், கந்தகம் என்று ஒரே கோட்டில் அமைந்த காபனிருசல்பைட்டு மூலக்கூறை எடுத்து, குமார், சப்வான், ரஜ்காரா, மாத்தூர் முதலியோர் 1996-இலே ஆராய்ச்சி வெளியிட்டனர். பிக்கோ செக்கன் துடிப்புகளில் மூலக்கூறு ஊசல்போல் ஆடி, புலத்தின் திசைக்குத் திரும்புவதை அவர்கள் எடுத்துக்காட்டினர்.

பின்னர் அவர்கள் தண்ணீரை எடுத்துக்கொண்டனர். நாம் நாள்தோறும் குடிக்கும் தண்ணீர்தான். அதன் மூலக்கூறிலே இரண்டு ஐதரசன் அணுக்கள் ஒட்சிசனின் இரு பக்கத்தில் விரிந்து நிற்கின்றன. ஏறக்குறைய 10 பெம்டோ செக்கன் மட்டுமே நீடிக்கும் துடிப்பை அதன்மேற் பாய்ச்சியபோது, பிரிந்து நின்ற இரு ஐதரசன்களும் ஒன்றுகூடி ஐதரசன் மூலக்கூற்று அயனாக வெளிவந்தன. இது 2009-இல் வெளியான ஆய்வு. அணுக்கள் தம் இடத்தைவிட்டு அசையவே நேரமில்லை என்று கருதப்பட்ட அந்தக் கணத்துள், ஒரு பிணைப்பு அறுந்து வேறொரு பிணைப்பு உருவாகிவிட்டது.

2011-இலே அதே நிறுவனத்தின் குழு உயிரின் வாயிலுக்கே வந்தது. நீரில் மிதக்கும் டி.என்.ஏ. இழைகள் இருந்த கரைசலிலே துடிப்பைப் பாய்ச்சினார்கள். ஒளி நீரிலிருந்து பறித்த இலத்திரன்களும், அப்போது தோன்றிய ஐதரொட்சில் கூறுகளும் இழைகளை அறுத்தன. கதிர்வீச்சு உடலின் உயிரணுக்களை எவ்வாறு சிதைக்கிறது என்று அறிய விழைவோருக்கு இது வேண்டப்படும் அறிவு. அங்குப் பயின்ற வினோத் குமரப்பன் பின்னர் அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் மூலக்கூறுகளை நிரைப்படுத்தி இலத்திரன் பறிக்கும் ஆய்வைத் தொடர்ந்தார்.

இதே ஒளியைப் போருக்குப் பயன்படுத்த முனைந்தோரும் உண்டு. 1983-இலே அமெரிக்க அரசு வானத்தில் ஆயுதம் அமைக்கும் திட்டமொன்றை அறிவித்தபோது லேசரும் அதில் இடம்பெற்றது. கருவி ஒன்றே, அதை யார் கையில் வைத்திருக்கிறார், எதற்காக என்பதே கேள்வி.

எமது கேள்வி

கட்டுரையின் தொடக்கத்தில் ஒத்திவைத்த கேள்விக்கு வருவோம். பலவீனமான சொட்டுகள் ஒன்றுகூடி வலியதைச் சாதிக்கின்றன, ஆகவே தொழிலாளரும் ஒன்றுகூட வேண்டும் என்று முடித்துவிட்டால் கைதட்டுக் கிடைக்கும். ஆனால் நாம் அவ்வாறு முடிக்கப்போவதில்லை. சொட்டுக்கு மனமில்லை, மனிதனுக்கு உண்டு. இயற்கையின் விதியைச் சமுதாயத்தின்மேல் அப்படியே கவிழ்ப்பது விஞ்ஞானமாகாது. தொழிலாளர் ஒன்றுகூடுவதற்கு அவர்தம் வாழ்க்கையே போதிய நியாயம்.

எமது கேள்வி வேறு. மொஸ்கோவில் கெல்டிஷ் தம் கட்டுரையை வெளியிட்ட அதே 1964-இலே, ஒக்டோபர் 30-ஆம் நாள், சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. 1948-இன் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்ட எம் மக்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று இரண்டு அரசுகள் எண்ணிப் பிரித்தன. மற்றும் 1,50,000 பேரின் கதி பின்னர் தீர்மானிக்கப்படும் என்று விடப்பட்டது. கெம்பு ஒளி ஐதரசனைத் தொட்ட காலத்தில், எம் பிள்ளைகளுள் பெரும்பாலோர் தோட்டத்துரைமார் நடத்திய ஓரறைப் பாடசாலைகளில் எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தனர். அப்பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியதே 1970-களில்தான்.

அறிவு எம் மொழியை எட்டாமல் இருந்தது என்று சொல்ல முடியாது. 1950-களிலும் 1960-களிலும் இந்நாட்டிலே தமிழில் கலைச்சொற்கள் ஆக்கப்பட்டன, பாடநூல்கள் எழுதப்பட்டன. இலத்திரன், மூலக்கூறு, அயன், சொட்டு என்று இக்கட்டுரையில் நாம் வழங்கிய சொற்களெல்லாம் அந்த உழைப்பின் விளைச்சல். மொழி ஆயத்தமாயிருந்தது, பாடசாலை ஆயத்தமாயில்லை. இன்றும் உயர்தர விஞ்ஞான வகுப்பைத் தமிழிற் படிக்கத் தோட்டத்துப் பிள்ளை ஊரைவிட்டு நெடுந்தூரம் போகவேண்டிய நிலை பல இடங்களில் நீடிக்கிறது. போக வழியில்லாத பிள்ளை வேறு பாடம் எடுக்கிறது. அல்லது படிப்பை விடுகிறது. அப்பிள்ளைக்கு விஞ்ஞானத்தில் நாட்டமில்லை என்று பிறகு நாமே சொல்லிவிடுகிறோம்.

இது பொய் என்பதற்கு மேலே கூறிய வரலாறே சாட்சி. சம்பளமில்லாத ஒரு பெண், ஆசிரியரோடு உழைத்த ஒரு மாணவி, மும்பாயில் காபனிருசல்பைட்டைக் கையிலெடுத்த சிலர் என்று எத்தனையோ பேர் இதிலே பங்கு கொண்டிருக்கிறார்கள். எந்த இனத்துக்கும் எந்த வர்க்கத்துக்கும் இந்த அறிவு பிறப்புரிமையாய் எழுதிக் கொடுக்கப்படவில்லை. வேலை இன்னும் முடிந்துவிடவும் இல்லை. எளிய மூலக்கூறுகளே இத்தனை புதுமை காட்டின. சிக்கலானவை இன்னும் காத்திருக்கின்றன.

புளத்கொகுபிட்டியவின் ஆசிரியர்கள் நாளைக்கே லேசர் வாங்க முடியாது. ஆனால் கிணற்றையும் குட்டைக் கயிற்றையும் சொல்லி வகுப்பைத் தொடங்க முடியும். 1 கிராம் கொழுந்தை 10 சென்ரிமீற்றர் உயர்த்தும் சக்தி எவ்வளவு என்று பிள்ளைகளையே கணக்கிடச் செய்ய முடியும். அக்கணக்கைச் சரியாகச் செய்யும் பிள்ளைக்கு ஒரு விஞ்ஞான ஆசிரியரும் ஓர் ஆய்வுகூடமும் எங்கே என்று, பெற்றோரையும் தொழிற்சங்கத்தையும் கூட்டி வைத்துக் கேட்கவும் முடியும். கேட்போம்.